வாழைமரத்தைத் தாண்டினால்

கோவில்பட்டியில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த சந்தனமாரி, கல்யாண மண்டபத்து வாசலில் கட்டிய இரண்டு வாழைமரங்களுக்கு நடுவே கால் எடுத்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவாள் என்பதும், திரும்பி வெளியே வந்தால் பழையபடி தெரிவாள் என்பதும், அந்த ஊரில் பால்காரரிலிருந்து பத்திர ஆபீஸ்காரர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் இரண்டொரு கல்யாணத்துக்கு வாயைப் பிளப்பார்கள், பிறகு அவர்களும் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவார்கள்.

அவள் புருஷன் அய்யாத்துரை உயிரோடு இருந்தவரைக்கும் அவளுக்கும் கல்யாணங்களுக்கும் எந்தத் தகராறும் இல்லை. அண்டாவும் குத்துவாளியும் ஜமக்காளமும் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் போவான், முகூர்த்த நேரத்துக்கு அவளும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுச் சாப்பிட்டு வருவாள். மஞ்சள்காமாலை வந்து அவன் போய்ச் சேர்ந்தபோது மகள் தாரணி இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்களை விற்றுவிட்டு வீட்டோடு வந்துவிடு என்று சந்தனமாரியின் அண்ணன் சொன்னார், அண்ணன் பெண்டாட்டி சொல்லவில்லை. அதனால் காரியம் முடிந்த கையோடு கடையைத் திறந்தாள்.

பாத்திரங்களுக்கு ஊரில் எந்தக் குறையும் இல்லை, குறை எல்லாம் அவளுக்குத்தான். அவள் கை பட்ட அண்டாவில் கல்யாணச் சோறு பொங்கலாம், அவள் எண்ணிக் கொடுத்த கரண்டியால் மாப்பிள்ளைக்குப் பாயசம் ஊற்றலாம், ஆனால் அவள் மட்டும் மண்டபத்தின் பின்சந்தில், வண்டி நிற்கிற இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும். யாரும் அவளை விரட்டியதில்லை. நீ ஏம்மா சிரமப்படுற, அங்கயே நில்லு என்று அன்பாகத்தான் சொன்னார்கள், இலையில் பலகாரம் மடித்துச் சந்துக்கே கொடுத்தனுப்பினார்கள். அவளும் வாங்கிக்கொண்டு, உள்ளே கெட்டிமேளம் கேட்கும்போதெல்லாம் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்படியே போயிருக்கும், ஒரு தை மாதத்து முகூர்த்தத்தில் சோற்று அண்டா ஒன்று ஓட்டை விட்டிராவிட்டால். சமையல்காரர் உலகநாதன் உள்ளேயிருந்து வேறு அண்டா கேட்டுக் கத்தினார், கொண்டுபோக ஆள் இல்லை, பின்வாசலை ஜெனரேட்டர் வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. சந்தனமாரி அண்டாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள். அங்கே மணப்பெண்ணின் அத்தை ஆரத்தித் தட்டோடு நேர் எதிரே வந்துகொண்டிருந்தார். ஐயோ, நான் இந்த இடத்தில் இல்லாமல் போய்விடக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே, நிற்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல், இரண்டு வாழைமரத்துக்கும் நடுவே கால் வைத்தாள். அத்தை அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தார், பார்த்தபடியே அவளுக்குப் பின்னால் வந்த சொந்தக்காரரிடம் வாங்க வாங்க என்று சிரித்தார். சந்தனமாரி குனிந்து பார்த்தாள். அவள் காலைக் காணோம், சேலையைக் காணோம், அண்டா மட்டும் அந்தரத்தில் இருந்தது. நின்று ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை, சோறு அடிப்பிடிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் அண்டா தானாக வந்து இறங்கியதைப் பார்த்த உலகநாதன் யாரது என்று கேட்டார். நான்தாண்ணே மாரி என்றது குரல். எங்க இருக்க என்றார். இங்கனதான் நிக்கேன் என்றது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார், நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்தார், பிறகு சரி, அந்த அப்பளச் சட்டியைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைக் கிண்டப் போனார்.

ஊர் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான். பூசாரியிடம் கேட்டார்கள், அம்மனின் அருள் என்றார். கண் டாக்டரிடம் கேட்டார்கள், அவள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னவர்களையெல்லாம் சோதித்துவிட்டு எல்லோருக்கும் பார்வை நன்றாகவே இருக்கிறது என்றார். வீடியோக்காரர் கேமராவைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஆள் குறைந்தால் தனக்கும் வெட்டுகிற வேலை மிச்சம் என்று விட்டுவிட்டார். பெண்ணைப் பெற்ற அம்மாக்கள்தான் முதலில் முழு விவரத்தையும் கண்டுகொண்டார்கள். வேலை தெரிந்தவள், கைசுத்தமானவள், எதிரே வந்தாலும் கண்ணில் படமாட்டாள், இதைவிட வேறென்ன வேண்டும் என்று ஒருத்தி சொல்ல, அடுத்தவள் ஆமாம் என்று சொல்ல, சந்தனமாரிக்கு அந்த வைகாசியில் உட்கார நேரமில்லை.

பாத்திரத்தோடு சமையல் சேர்ந்தது, சமையலோடு பூ சேர்ந்தது, பூவோடு மேளமும் மேளத்தோடு மணவறை ஜோடனையும் சேர்ந்து, பத்திரிகை அடிப்பதிலிருந்து தாம்பூலப் பை கொடுப்பது வரைக்கும் எல்லாம் அவள் பொறுப்பு என்றானது. சந்தனமாரி கல்யாண ஏற்பாட்டகம் என்று போர்டு ஏறியது. சாத்தூரிலிருந்து வந்தார்கள், எட்டயபுரத்திலிருந்து வந்தார்கள், சங்கரன்கோவிலிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். நாதஸ்வரக்காரருக்கு எந்த நேரம் காப்பி வேண்டும், எந்த மாமனார் எந்த மைத்துனரோடு பேச மாட்டார், அவர்களை எந்தெந்த வரிசையில் உட்கார வைத்தால் முகூர்த்தம் வரைக்கும் சண்டை வராது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. நடக்கப்போகிற சண்டையைப் பக்கத்திலேயே நின்று கேட்டுவிடுகிற வசதி வேறு யாருக்கு இருக்கிறது?

உடம்பில் உடுத்தியிருந்தது மறைந்தது, கையில் எடுத்தது மறையவில்லை. தாம்பாளம் ஒன்று கூட்டத்துக்கு நடுவே தோள் உயரத்தில் வந்தால், மாரியக்கா வாறா வழி விடுங்க என்று சொல்லி ஜனங்கள் ஒதுங்கிக்கொள்ளப் பழகினார்கள். வெறுங்கையோடு நடந்தால் இடித்துவிட்டுத் தூணை இடித்ததாக நினைத்துப் போய்விடுவார்கள். அதனால் வேலை இல்லாத நேரத்திலும் அவள் ஒரு டம்ளரையாவது கையில் வைத்துக்கொண்டிருப்பாள்.

தொழில் பெருகியபோது உதவிக்கு ஆள் வேண்டியிருந்தது. தன்னைப் போலப் புருஷனை இழந்த பெண்களைத்தான் சேர்த்தாள். அவர்களும் பின்சந்தில் நின்று பலகாரம் வாங்கியவர்கள்தானே. ஒருத்திக்கு மறைவது வேலைக்கு வந்த முதல் கல்யாணத்திலேயே வாய்த்தது, இன்னொருத்திக்கு ஒரு பங்குனி முழுக்க ஆனது, போகப் போக எல்லோரும் வாழைமரத்தைத் தாண்டியதும் மறைந்தார்கள். கொஞ்ச காலத்தில் அந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் வாளிகள் தாமாக நடந்து பரிமாறின, ஜமக்காளங்கள் தாமாக விரிந்தன, மாலைகள் சமயத்துக்குக் கைக்கு வந்தன, என்ன நேர்த்தி என்று வெளியூர்க்காரர்கள் மெச்சினார்கள். போட்டிக்குக் கடை போட்ட ஒருவர் வைத்திருந்த பெண்கள் கடைசிவரைக்கும் மறையவே இல்லை, அவருக்கு ஆர்டர் நின்றுபோனது. பிறகெல்லாம் வேலை கேட்டு வருகிற பெண்ணிடம் சமையல் தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால் மறைவாயா என்றுதான் கேட்டார்கள். சந்தனமாரியும் அப்படித்தான் கேட்டாள். அதில் ஒரு கேவலம் இருக்கிறதே என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை, தோன்றியிருந்தால் இத்தனை குடும்பத்துக்கு எப்படிச் சோறு போட்டிருப்பாள்?

ஆனால் தாரணிக்குச் சின்னதிலேயே தோன்றிவிட்டது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவளையும் மண்டபத்துக்குக் கூட்டிப் போவாள் அம்மா. உள்ளே நுழைந்ததும் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையை மேலே தூக்கியபடி அந்தப் பிள்ளை நடப்பதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். விரலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் அவ்வளவுதான், இவ்வளவு பெரிய மண்டபத்தில் அம்மா எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் அழுவாள். அம்மா, எங்கம்மா இருக்க என்று அவள் கூப்பிடும்போது சந்தனமாரி பாதி வேலையில் இருப்பாள், இந்தா வந்துட்டேன் என்று எங்கிருந்தோ ஒரு குரல் மட்டும் வரும்.

அந்தத் தாரணி படித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், அங்கே கூட வேலை பார்த்த முகிலனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். நல்ல பையன், அருப்புக்கோட்டைப் பக்கம், அம்மா சகுந்தலா பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நிச்சயம் பேச வீட்டுக்கு வந்தார்கள். வீட்டு வாசலில் வாழைமரம் இல்லாததால் சந்தனமாரி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபடி காப்பி கொடுத்தாள். நாள் குறித்தாயிற்று, தாரை வார்க்க அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும் உட்காருவது என்று பேசியாயிற்று, தட்டு மாற்றப் போகிற நேரத்தில் தாரணி வாயைத் திறந்தாள்.

"ஒரே ஒரு விஷயம் அத்தை. தாலி கட்டும்போது எங்கம்மா மணவறையில எம்பக்கத்துல நிக்கணும்."

 தாய்மாமன் தொண்டையைச் செருமினார். சகுந்தலா டீச்சர்தான் முதலில் சிரித்தார்.

"அதுக்கென்னம்மா, தாராளமா நிக்கட்டும். நான் என்ன அந்தக் காலத்து ஆளா? அதுவும் போக, அவுக நிக்கிறது யாருக்குத் தெரியப்போகுது?"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. சந்தனமாரிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, எத்தனையோ கல்யாணத்தை மணவறைக்குக் கீழே நின்று நடத்தியவளுக்கு மேலே ஏறக் கிடைத்ததே என்று இருந்தது. மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவர்கள் கார் ஏறிப் போன பிறகு, அவுக சொன்னதைக் கேட்டியாம்மா என்றாள் தாரணி. நல்லவிதமாத்தானே சொன்னாக என்றாள் சந்தனமாரி.

"நல்லவிதமாத்தான் சொன்னாக. அதாம்மா எனக்குப் பொறுக்கல."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வாழைமரம் கட்டுகிற செந்தட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, என் கல்யாணத்துக்கு மரம் கட்டாதீங்க மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். வாழைமரம் இல்லாத கல்யாணத்தை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. பெண் அழுததால் சரி என்றார்.

முகூர்த்தத்தன்று காலையில் தாரணி எடுத்துக் கொடுத்திருந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு சந்தனமாரி ஆட்டோவில் வந்து இறங்கினாள். எப்படியும் யார் கண்ணிலும் படப்போவதில்லை என்கிற தைரியத்தில்தான் அந்தச் சேலையைக் கட்டியிருந்தாள். வாசல் மொட்டையாக இருந்தது. இந்தச் செந்தட்டிக்கு நம்ம வீட்டுக் கல்யாணம் என்றால் மட்டும் இளப்பம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உள்ளே போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரைப் பார்க்கிறார்கள் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரும் இல்லை. குனிந்தாள். மண்டபத்துத் தரையில் அவள் இரண்டு காலும், மருதாணிச் சிவப்பில் கரை போட்ட சேலையும் பளிச்சென்று தெரிந்தன.

அவள் சந்தோஷப்பட்டாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் நான்கு பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதில் அவள் முகம் கல்யாணப் பெண் முகமாகிவிட்டது. மணமகள் அறை வாசலில் பாதி பின்னிய சடையோடு தாரணி வந்து நின்று, அழகா இருக்கம்மா என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போதுதான் சகுந்தலா டீச்சர், தேங்காய் மேல் தாலி வைத்த தட்டைப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குவதற்காக எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். சந்தனமாரியைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தட்டை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். மூடியது தன் கைதான் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

சந்தனமாரிக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஊரார் பெண்களின் தாலிகளை அவள் எத்தனையோ முறை கையில் வாங்கித் தட்டில் வைத்திருக்கிறாள், இதெல்லாம் சும்மா என்று தன்னிடம் இருந்த பெண்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாள். இது தாரணியின் தாலி. நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், ரோட்டில் ஒரு லாரி உரசிப் போனாலும், அந்த மூடிய முந்தானைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், முதலில் தனக்கே வரும். அய்யாத்துரையின் மஞ்சள் பூத்த கண்கள் அவள் முன்னால் வந்து நின்றன. விறுவிறுவென்று வெளியே போனாள்.

செந்தட்டி எதற்கும் இருக்கட்டும் என்று குலையோடு இரண்டு மரத்தை வண்டியில் கொண்டுவந்துதான் வைத்திருந்தார். அவள் கேட்டதும் மறுபேச்சுப் பேசாமல் இறக்கினார். ஒன்றை அவர் கட்டினார், இன்னொன்றைப் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே கட்டினாள். கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தபோது தாரணி தலைமயிர் பாதி அவிழ்ந்தபடி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"வேண்டாம்மா. நான் உன்னையப் பாக்கணும்மா."

"பாத்துட்டேல்ல. போதும் தாயி."

"தாலி கட்டும்போது பாக்கணும்மா."

"உனக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது தாரணி," என்றாள் சந்தனமாரி. அவள் மகளிடம் பயத்தை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, சேலையை இறக்கிவிட்டு, மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மரத்துக்கும் நடுவே கால் வைத்தாள்.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும் தாரை வார்த்தார்கள். மணவறையில் தாரணியின் வலப்பக்கம் ஒரு பிடி மஞ்சள் அரிசி அந்தரத்தில் நின்றது, தாரணி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்க்கவில்லை, அந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. பிடி திறந்து அரிசி அவள் தலையில் விழுந்தது, அதற்குப் பிறகு அந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

பந்தி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு ஹாலிலிருந்து உலகநாதன் குரல் கொடுத்தார். மாரி, ரசம் எறக்கலாமா, ரெண்டாம் பந்திக்கு இலை காணாதே, என்றார். என் மகள் கல்யாணம், இன்றைக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாயில் வரவில்லை. எந்தக் கல்யாணத்தில் அந்தக் குரல் கேட்டாலும் அவள் கால்கள் தாமாகப் போகும், அன்றைக்கும் போயின. ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அவள் ரசத்தில் உப்புப் பார்த்து, இலைக்கட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு ஹால் வாசலுக்கு வந்தபோது, மணவறையில் ஐயர், பெண்ணின் அம்மா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே நிற்கிறார்கள் என்று முகிலன் கேட்டான். இங்கனதான் என்று தாரணி வலப்பக்கம் கையைக் காட்டினாள். இருவரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்து விழுந்தார்கள்.

சந்தனமாரி ஓடினாள். தாரணி என்று கத்தினாள், மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மொய் எழுதப் போகிறவர்களும் போட்டோவுக்கு நிற்கிறவர்களும் இரண்டாம் பந்திக்கு முண்டுகிறவர்களும் வழி முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார்கள், அவள் கையில் ஒன்றுமில்லை, அதனால் ஒருவரும் ஒதுங்கவில்லை. இடித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு, தள்ளப்பட்டுக்கொண்டு போனாள். முகிலன் எழுந்துவிட்டான். தாரணி எழவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தபடியே கிடந்தாள், தலையில் ஒரு கை படும் என்று காத்துக்கொண்டு கிடந்தாள்.

"எந்திரிம்மா. அவுக ஆசீர்வாதம் பண்ணிட்டாக," என்றார் சகுந்தலா டீச்சர்.

"கை வைக்கலையே அத்தை."

"வச்சிருப்பாக. உனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் தாரணியின் தோளைத் தொட்டு எழுப்பினார். சந்தனமாரி மணவறைப் படிக்கு வந்து சேர்ந்தபோது நாத்தனார்கள் பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள்.

புறப்படுகிற நேரம் வந்தது. கார் வாசலுக்கு நேரே நின்றது. வெளியே வந்தால் தெரிந்துவிடும், புறப்படுகிறவர்கள் எதிரில் தெரியக் கூடாது என்பதால் சந்தனமாரி வாழைமரத்துக்கு உள்பக்கமே நின்றுகொண்டாள். தாரணி மரத்தருகே வந்ததும் நின்றாள், கையை முன்னால் நீட்டினாள். அந்தக் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். கோத்திருந்தது இரண்டு கை, ஒன்றுதான் தெரிந்தது.

"அம்மா, நான் விழுந்து கும்பிடும்போது நீ அங்கதான நின்ன?"

 ரசத்தைப் பார்க்கப் போனேன் என்று ஒரு பெண்ணிடம் அவள் கல்யாணத்தன்று எப்படிச் சொல்வது? இந்தப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போகும்?

"அங்கதான் நின்னேன் தாயி. தலையில கை வச்சேனே, உனக்குத் தெரியலையா?"

 தாரணி அம்மாவின் விரலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தெரிஞ்சதும்மா," என்றாள். பிறகு கையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க் காரில் ஏறினாள்.